டிரிப் ஏற்றும் முன் எடுத்த ரத்தம்

“பால் குடிக்க மாட்டேங்குது டாக்டர், எந்நேரமும் தூங்கிக்கிட்டே இருக்கு.”

பிறந்து மூன்றாம் நாள் பிள்ளையை அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரும் தாய் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். கூட வந்த பாட்டி, “மாந்தமா இருக்கும்னு நினைச்சோம்” என்பார். பிறந்தபோது எடை சரி, அழுகை சரி, முதல் நாள் நன்றாகவே குடித்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் சோர்வு. மூன்றாம் நாள் வாந்தி, வேகமான மூச்சு, தூக்கினால் துணிபோலத் துவள்கிறது.

இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் கிருமித் தொற்றுதான். ஆகவே வார்டில் உடனே ஆன்டிபயாட்டிக் ஏறும். அது சரியான முடிவு. அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிசகு வேறு இடத்தில் நடக்கிறது. கிருமியைத் தேட ரத்தம் எடுத்த அதே ஊசியில் இன்னும் ஒரு மில்லிலிட்டர் எடுத்து அமோனியா பார்த்திருக்கலாம், பார்க்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டு நாள் கழித்துக் கிருமி ஏதும் வளரவில்லை என்று அறிக்கை வரும்போது பிள்ளைக்கு மூளை வீங்கியிருக்கும்.

புரதம் உடையும்போது மிஞ்சும் நைட்ரஜன் அமோனியாவாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். யூரியாச் சுழற்சி என்ற அந்த வரிசையில் வேலை செய்யும் நொதிகளில் ஒன்று பழுதானாலும் அமோனியா தேங்கும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு பிள்ளைக்கும் சேர்த்துக் கழுவிக்கொடுத்தது. தொப்புள்கொடி அறுந்த பிறகு பிள்ளை தனியாகச் சமாளிக்க வேண்டும். முதல் நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் துவள்வதன் காரணம் இதுதான். அந்த “நல்லாத்தான் இருந்துச்சு” என்ற சொல்லே ஒரு தடயம்.

இன்னொரு தடயம் மூச்சில் இருக்கிறது. தொற்றால் துவண்ட பிள்ளையின் ரத்தம் பொதுவாக அமிலப் பக்கம் சாயும். அமோனியா மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுவதால், யூரியாச் சுழற்சி பழுதான பிள்ளை வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தம் காரப் பக்கம் சாயும். துவண்ட பிள்ளை, வேகமான மூச்சு, காரம் ஏறிய ரத்தம் என்ற மூன்றும் ஒன்றாக இருந்தால் அமோனியா பார்த்தே ஆக வேண்டும். அமிலம் ஏறி, கூடவே கொழுப்பு உடையும்போது உண்டாகும் கீட்டோனும் சிறுநீரில் இருந்தால் அது வேறொரு குடும்பம்: கரிம அமில நோய்கள். பச்சைப் பிள்ளையின் சிறுநீரில் கீட்டோன் இருப்பது எப்போதுமே சந்தேகத்துக்குரியது. கரிம அமில நோய்களிலும் அமோனியா ஏறலாம்.

எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான். குதிகாலைக் குத்திப் பிழிந்த ரத்தம் கூடாது. கையை இறுகக் கட்டி, பிள்ளை அலறித் திமிறும்போது எடுத்ததும் கூடாது. தடையின்றி ஓடிவரும் ரத்தம், ஊதா மூடிக் குழாயில், எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். வெறும் ஐஸ் கட்டி மேல் வைத்தால் ஓரம் உறைந்து அணுக்கள் உடையும். ஐஸும் தண்ணீருமாகக் கலந்திருப்பதுதான் நல்லது. எடுப்பதற்கு முன்பே லேபுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, ஓர் ஆளைக் கையோடு அனுப்ப வேண்டும். 15 நிமிடத்தில் லேபில் இருந்தால் நிம்மதி. அரை மணிக்குள் அணுக்களைப் பிரித்தாக வேண்டும். குழாயில் இருக்கும்போதே அணுக்கள் அமோனியாவை வெளியிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், தாமதமான குழாய் பொய்யாக உயர்ந்த எண்ணைத்தான் காட்டும்.

நலமான பச்சைப் பிள்ளைக்கு லிட்டருக்கு 110 மைக்ரோமோலுக்குள் இருக்கும். வேறு நோயால் வாடிய பிள்ளைக்கு 180 வரை போகலாம். 200ஐத் தாண்டினால், உடம்பின் வேதிவேலை பழுதாகும் வளர்சிதை நோய் என்றே எண்ணி நடக்க வேண்டும். இங்கேதான் ஒரு பழக்கம் உயிரை எடுக்கிறது: “சாம்பிள் சரியில்லை போல, நாளைக்கு மறுபடி பார்ப்போம்.” மறுபடி பார்க்கலாம், ஆனால் இப்போதே, சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போதே. பாலை நிறுத்தி, 10 விழுக்காடு குளுக்கோஸை ஏற்றி, வளர்சிதை நிபுணரை இரவு எந்நேரமானாலும் அழைக்க வேண்டும். புரதத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் முழுதாக நிறுத்தி வைக்கவும் கூடாது. பட்டினி கிடக்கும் உடம்பு சொந்தத் தசையையே உடைத்து அமோனியாவைக் கூட்டிவிடும்.

மலேசியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டுக் குறைபாடும், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைபாடும் பார்க்கப்படுகின்றன. அதைக் கேட்ட பெற்றோர் பலர், “பிறந்தப்பவே எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சே” என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன நோய்கள் அந்த இரண்டில் அடங்காதவை.

நம் நாட்டு வரையறைப்படி 4000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது அரிய நோய். அரிது என்பதால்தான் தெரியாமல் போகிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. பெயர் தெரியாததால் தப்பியவற்றைவிட, நேரம் தவறியதால் தப்பியவையே அதிகம் என்று நினைக்கிறேன். பல அரிய நோய்கள் எந்நேரமும் ரத்தத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. தாக்கும்போது சில மணி நேரம் வெளியே வருகின்றன. ஒரு பாட்டில் டிரிப் ஏறியதும் மறைந்துவிடுகின்றன. மூன்று வாரம் கழித்து கிளினிக்கில் எடுக்கும் பரிசோதனை அத்தனையும் நார்மல். நார்மல் என்று எழுதிய அந்தத் தாளே பிறகு நோயாளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இதற்குச் சர்க்கரை இறங்கும் பிள்ளையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஒன்றரை வயது. இரவு காய்ச்சல், சாப்பிடாமல் தூங்கிவிட்டது. காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை, கை வெட்டுகிறது. விரல் நுனிச் சொட்டில் மீட்டர் லிட்டருக்கு 1.8 மில்லிமோல் என்கிறது. எல்லாக் கைகளும் குளுக்கோஸ் ஊசியை நோக்கித்தான் போகும். ஆனால் ஊசி ரத்தக் குழாயில் ஏறிய பிறகு, குளுக்கோஸ் உள்ளே போகுமுன், ஒரு நிமிட இடைவெளி இருக்கிறது. அந்த நிமிடத்தில் அதே ஊசி வழியே ஐந்தாறு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்தால் நோயின் பெயர் கிடைக்கும். விட்டால், பிறகு வேண்டுமென்றே பிள்ளையைப் பட்டினி போட்டு, பக்கத்தில் ஆள் நின்று, மறுபடி சர்க்கரையை இறக்கித்தான் பார்க்க வேண்டிவரும்.

அந்த ரத்தம் எங்கெங்கே போக வேண்டும்? சாம்பல் மூடிக் குழாயில் லேப் குளுக்கோஸ். தாழ்ந்த அளவுகளில் விரல் நுனி மீட்டரை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது, 2.6க்குக் கீழே என்று லேப் உறுதி செய்தால்தான் மற்ற எண்களுக்கு அர்த்தம் உண்டு. பிறகு இன்சுலின், கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளிவிடும் சி-பெப்டைடு, கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன், கீட்டோன், கொழுப்பு அமிலம், லாக்டேட், அமோனியா. ரத்தச் சொட்டை உறிஞ்சி உலரவைக்கும் வடிதாள் அட்டையில் சில சொட்டு, கொழுப்பு எரிவதில் கோளாறு உண்டா என்று காட்டும் அசைல்கார்னிடைனுக்காக. இன்சுலின் குழாயில் அணுக்கள் உடைந்தால் இன்சுலினும் சிதைந்து பொய்யாகக் குறைந்து காட்டும். ஊசியை வேகமாக இழுக்கக் கூடாது. எடுத்த உடனே கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் வீதம் 10 விழுக்காடு குளுக்கோஸ். ரத்தம் வரவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது, குளுக்கோஸ்தான் முதலில். அதன் பிறகு பிள்ளை கழிக்கும் முதல் சிறுநீரைப் பிடித்து உறைய வையுங்கள். டிரிப் ஏறிவிட்டாலும் அந்த முதல் சிறுநீரில் தாக்குதலின் தடம் இருக்கும். அதற்குள் டயப்பரோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு ஒட்டுப்பை மாட்டும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தால்தான் நடக்கும்.

இத்தனை குழாயையும் அதிகாலை நான்கு மணிக்கு ஒரு ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர், நினைவிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே குழாய்கள், வடிதாள் அட்டை, சிறுநீர்ப்பை, நிரப்பிய லேப் படிவம், எந்தக் குழாயில் எவ்வளவு என்ற சிறு தாள், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அவசரப் பிரிவில் குளுக்கோஸ் பாட்டில் இருக்கும் அதே அலமாரியில் வையுங்கள். வேறு அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். குழாய்கள் காலாவதியாகும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

படிக்கும் முறை அழகானது. சர்க்கரை இறங்கினால் உடம்பு கொழுப்பை உடைத்துக் கீட்டோன் செய்ய வேண்டும். கீட்டோனும் இல்லை, கொழுப்பு அமிலமும் இல்லை என்றால் இன்சுலின் கதவைப் பூட்டிவைத்திருக்கிறது. கொழுப்பு அமிலம் நிறைய, கீட்டோன் மட்டும் இல்லை என்றால் கொழுப்பை எரிக்கும் அடுப்பு பழுது. கீட்டோன் நிறைய, கல்லீரல் பெரிதாகத் தட்டுப்படுகிறது என்றால், சேமித்த சர்க்கரையை விடுவிக்க முடியாத கிளைக்கோஜன் நோய்களைத் தேட வேண்டும். கார்ட்டிசோல் ஏறாமல் படுத்திருந்தால், அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

இன்சுலின் உயர்ந்திருந்தால் மரபு நோய்க்குப் பாயும் முன் வீட்டைப் பாருங்கள். நம் வீடுகளில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு குறைவு. தரையில் விழுந்த ஒரு கிளிக்லசைடு மாத்திரை போதும். அப்போது இன்சுலினும் சி-பெப்டைடும் இரண்டுமே ஏறும். கணையக் கட்டியிலும் அப்படித்தான் ஏறும். இரண்டையும் பிரிக்க மாத்திரைக்கான தனிப் பரிசோதனை ஒன்றே வழி. அதை அதே குழாய் ரத்தத்தில் கேட்டு வாங்க வேண்டும். இன்சுலின் மிக உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான்: 2008இல் சிங்கப்பூரில் ஆண்மை மாத்திரைகளில் கலந்திருந்த கிளைபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து, நீரிழிவே இல்லாத ஆண்கள் பலரைச் சர்க்கரை இறங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது.

பெரியவர்கள் பக்கம் வந்தால், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று, நடு இரவில் கால் செத்துப்போகும் இளைஞர். வயது 20க்கும் 40க்கும் இடையில். ராத்திரி பத்து மணிக்கு நாசி கண்டார் கடையில் சோறு தாராளம், மேலே இனிப்பாக ஒரு பானம். விடிகாலை மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போக எழுந்தால் தொடையில் பலமில்லை, கட்டிலிலிருந்து சரிந்து விழுகிறார். உணர்வு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கால்தான் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, வரிசையில் காத்திருந்து, எட்டு மணிக்கு டாக்டர் பார்க்கும்போது எழுந்து நடக்கிறார். “குடிச்சிருந்தாயா?” என்ற கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். தாய் கோயிலில் மந்திரிக்க அழைத்துப் போகிறார்.

மூன்று மணிக்கு எடுத்திருந்தால் பொட்டாசியம் மிகத் தாழ்ந்து, லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். எட்டு மணிக்கு அது தானாகவே ஏறியிருக்கும். தைராய்டு மிகையாக ஓடும்போது, தசை அணுக்களின் பம்பு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தயாராக நிற்கும். மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் அதை முடுக்கிவிடும். ஆசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் நிலை இது. கழுத்து வீங்கியிருக்க வேண்டும், கண் பிதுங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பேருக்குத் தைராய்டின் அடையாளம் லேசான கை நடுக்கமும் சற்று வேகமான நாடியும் மட்டுமே. பொட்டாசியத்தோடு சேர்த்து டிஎஸ்எச் என்ற தைராய்டுப் பரிசோதனையும் அனுப்பினால் போதும், அன்றே தெரிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பொட்டாசியம் உடம்பைவிட்டுப் போகவில்லை, அணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள மருந்து கொடுக்குமுன் ஒரு கிண்ணம் சிறுநீர் எடுத்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பாருங்கள். சிறுநீரகம் கொட்டியிருந்தால் அதில் நிறைய இருக்கும், ஒளிந்திருந்தால் குறைவாக இருக்கும். தெரியாமல் பாட்டில் பாட்டிலாகப் பொட்டாசியம் ஏற்றினால், ஒளிந்திருந்தது வெளியே வரும் நேரத்தில் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறி இதயம் தடுமாறும். இசிஜி ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சமாகக் கொடுப்பதே முறை. ஆஸ்துமா இல்லாதவருக்கு வாய்வழி கொடுக்கும் புரொப்ரனலால் என்ற மருந்து அந்தப் பம்பையே அடக்கும். தைராய்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இரவுத் தாக்குதல் நின்றுவிடும். பல ஆண்டு இதை மறைத்து, நண்பர்களோடு வெளியூர் தங்கப் பயந்து வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை.

வயிற்று வலிக்கும் இப்படியொரு மறைவான காரணம் உண்டு: போர்பிரியா, ரத்தத்தின் சிவப்புப் பொருளைச் செய்யும் வரிசையில் ஒரு நொதி பழுதாகும் நோய். பருவம் வந்த பிறகு, பெரும்பாலும் பெண்களுக்கு, மாதவிலக்கை ஒட்டியோ விரதம் இருந்தபின்னோ உயிர்போகும் வயிற்று வலி. தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கும், நாடி ஓடும், மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் தாழ்வு. அல்ட்ராசவுண்டு சுத்தம். சிலருக்குக் குடல்வால் எடுத்தும் வலி போகாது. வலி இருக்கும்போதே ஒரு கிண்ணம் சிறுநீர், எந்த மருந்தும் சேர்க்காத குப்பியில், சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை முழுதாகச் சுற்றி, வெளிச்சம் படாமல் அனுப்பி, அந்த வரிசையில் தேங்கும் பொருளான ‘போர்போபிலினோஜென்’ கேளுங்கள். 24 மணி நேரச் சிறுநீர் தேவையில்லை. அதைச் சேகரிப்பதற்குள் வலி போய்விடும். படிவத்தில் வெறுமனே ‘போர்பைரின்’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. போர்பைரின் பல காரணங்களால் லேசாக ஏறும், குழப்பத்தைத்தான் கூட்டும். கடும் போர்பிரியா தாக்கும்போது போர்போபிலினோஜென் லேசாக அல்ல, பல மடங்கு ஏறியிருக்கும். இந்த விடை முக்கியம், ஏனென்றால் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினும் ஃபீனோபார்பிட்டாலும் அதே நோயாளியை மூச்சுக் கருவிவரை கொண்டுபோய்விடக்கூடியவை.

எல்லா நோயும் தாக்கும் நேரத்தில்தான் பிடிபடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜி6பிடி நேர் எதிர். அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பிள்ளைக்குப் போர்த்தி, மறுநாள் கண் மஞ்சளாகிச் சிறுநீர் தேயிலைச் சாயம்போல வந்தால், அன்றே எடுக்கும் ஜி6பிடி நார்மலாக வரலாம். நொதி குறைந்த கிழ அணுக்கள்தான் உடைந்து போயின. மிஞ்சியவை நொதி நிறைந்த இளம் அணுக்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ரத்தம் ஏற்றிய பிறகும் அப்படித்தான்: ஜி6பிடி, தலசீமியா, கேலக்டோசீமியா நொதி எல்லாமே ரத்தம் கொடுத்தவருடைய கணக்கைத்தான் காட்டும். ஆகவே ரத்தப் பை தொங்கவிடுமுன் ஒரு ஊதா மூடிக் குழாயை எடுத்து ஓரமாக வையுங்கள்.

இனி, ஊசி இல்லாமல் எடுக்க வேண்டிய சாம்பிள் ஒன்று: குடும்பக் கதை. இதில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதியை நாமே பயன்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’, மலாயில் ‘பாக்சிக்’ என்று எழுதிவிட்டால் சித்தப்பாவும் தாய்மாமனும் ஒன்றாகிவிடுகிறார்கள். எக்ஸ் குரோமோசோம் வழி, அதாவது மகனுக்குத் தாயிடமிருந்து, வரும் நோய்க்கு அந்த வேறுபாடுதான் உயிர். யூரியாச் சுழற்சி நோய்களில் அதிகம் காணப்படும், ஓடிசி என்ற நொதியின் குறைபாடு அந்த வகை. சித்தப்பா பிள்ளைப் பருவத்தில் இறந்தார் என்பதால் அதில் ஒன்றும் தெரியாது. தாய்மாமன் பிறந்த நான்காம் நாள் இறந்தார், தாயின் அக்காவான பெரியம்மாவின் மூத்த மகனும் அப்படியே என்றால், அமோனியா வருமுன்பே பாதி விடை கையில். எனவே உறவைத் தமிழிலேயே எழுதுங்கள்.

“எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டால் உயிரோடிருக்கும் பிள்ளைகளை மட்டும் சொல்வார்கள். “எத்தனை தடவை வயித்துல தங்குச்சு, ஒவ்வொண்ணும் என்ன ஆச்சு?” என்று கேட்க வேண்டும். பாட்டியிடம் தனியாகக் கேட்டால், “அது ஒண்ணு தவறிப்போச்சு, காய்ச்சல்ல” என்று நாற்பது ஆண்டு மூடி வைத்தது வெளியே வரும். சொந்தத்தில் கட்டியதா என்பதையும் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்கு, இருபக்கமும் ஒரே பழுதான மரபணு சேரும் வாய்ப்பு அத்தை மகனைக் கட்டிய பெண்ணின் பிள்ளையைவிட இரு மடங்கு. கேட்கும்போது குரலில் குற்றம் சாட்டும் தொனி வந்துவிட்டால், கதை அங்கேயே நின்றுவிடும்.

தாயைப் பற்றியும் ஒரு கேள்வி. ஓடிசி பழுதைச் சுமக்கும் பெண்கள் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே கறி, மீன், முட்டை பிடிக்காது. சாப்பிட்டால் தலைவலி, குமட்டல். வேறு சமூகத்தில் இது கண்ணில் பட்டிருக்கும். நம் வீட்டில் “அவ சைவம்” என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். “சாமிக்காகச் சைவமா, உடம்புக்கு ஒத்துக்காம சைவமா?” என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் ஒரு வாரம் கழித்து இப்படிப்பட்ட பெண் பிதற்ற ஆரம்பித்தால், சன்னி என்றும் காற்று கருப்பு என்றும் மனநோய் என்றும் முடிவுகட்டும் முன் அமோனியா பாருங்கள். கருப்பை சுருங்கும்போது வெளியாகும் புரதச் சுமையை அவர் கல்லீரலால் தாங்க முடியாமல் போயிருக்கலாம்.

குடும்பத்தினர் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. தாக்கம் வரும்போது ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, இன்னொருவர் போனில் படம் எடுக்கட்டும். முகத்தை மட்டும் எடுக்காமல் முழு உடம்பும், கண்ணும் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அதில் கேட்க வேண்டும். கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, முந்தின நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா, சிறுநீர் என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசிச் சாப்பாட்டுக்கும் தாக்கத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற ஒரு எண், பத்துப் பக்கக் கோப்பைவிட அதிகம் சொல்லும். வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும், மலாய் மூலிகை ஜாமு, சீன வைத்தியரான சின்சே கொடுத்த மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட, பையோடு கொண்டுவாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் திட்டுபவர்தான் தவறு. மூட்டு வலிக்குச் சாப்பிட்ட ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் உப்பி, தோல் மெலிந்து, கார்ட்டிசோல் மட்டும் விநோதமாகத் தாழ்ந்திருக்கும். அதை அரிய நோயென்று தேடி அலைந்த கோப்புகள் உண்டு. பாக்கெட்டில் மால் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனை வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை அருமையான கருவி, ஆனால் என்ன தேடுகிறோம் என்று எழுதி அனுப்பினால்தான் பேசும். டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீண்டுபோவதால் வரும் நோய்களை அது தவறவிடக்கூடும். தென்னிந்திய வம்சாவளியினரின் மரபணுத் தகவல் உலகத் தொகுப்புகளில் குறைவு என்பதால், ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற விடை நமக்கு அடிக்கடி வரும். அந்த மாற்றம் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பளிக்க, தாக்கும் நேரத்தில் எடுத்த அந்த ரத்தமும் சிறுநீருமே சாட்சி. பெற்றோர் இருவர் ரத்தமும் சேர்த்து அனுப்புங்கள். விடை கிடைக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் அதே தரவை மறுபடி அலசச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, எழுதக் கை கூசும் ஒன்று. சில பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது என்று இரவு பதினொரு மணிக்கே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் யாருக்கும் பரிசோதனை பற்றிப் பேச மனம் வராது. பெற்றோரும் விடிந்ததும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் பேச வேண்டும். உடலைத் திறக்க வேண்டியதில்லை, சடங்குக்குத் தடையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவை நான்கு: டி.என்.ஏ.வுக்கு ஊதா மூடிக் குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம். வடிதாள் அட்டையில் வட்டங்கள் நிரம்பும்படி சொட்டுகள். கிடைத்தால் சிறுநீர், உறைய வைத்து. தொடையிலிருந்து 3 மில்லிமீட்டர் தோல். உயிர் பிரியுமுன் எடுத்தால் நல்லது, பிரிந்த சிறிது நேரத்துக்குள்ளும் எடுக்கலாம். தோலை ஃபார்மலினில் போட்டால் அணு வளராது. வளர்ப்புத் திரவத்தில், இல்லாவிட்டால் கிருமி நீக்கிய உப்பு நீரில் போட வேண்டும், உறைய வைக்கக் கூடாது. அட்டையைப் படுக்கையாக வைத்து, வெயில் படாமல், மூன்று நான்கு மணி நேரம் உலரவிட வேண்டும். அமோனியாவை ஜார்ஜ் டவுனிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்ப முடியாது, உலர்ந்த அட்டையை அனுப்ப முடியும். ஐ.எம்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறைக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

அந்த அட்டையால் இறந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து அதே தாய் மறுபடி கருவுற்று வரும்போது, பழுதான எழுத்து இன்னதென்று தெரிந்திருந்தால், 11ஆம் வாரம் முதல் கருவிலேயே பார்க்க வழி உண்டு. பார்க்க வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தாலும், அவருடைய கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் ஒரு தாளை ஒட்டலாம்: எந்த மருத்துவமனையில் பிரசவம், யாருக்குப் போன், பிறந்த பின் பால் எப்போது, முதல் அமோனியா எத்தனை மணிக்கு, எந்தக் குழாயில், ஐஸ் எந்த அறையில் இருக்கிறது என்பது வரை.